இலோனா என்றொரு மருமகள்

அன்புள்ள மார்கிட் மாமிக்கு,

அன்புள்ள என்று தொடங்குவது கடிதத்துக்கு உள்ள வழக்கம். அதற்கு மேல் அதில் எதையும் தேடாதீர்கள்.

நீங்கள் உயிரோடு இருந்தவரை நோபல் பார்க் வீட்டுக் குசினியில் தமிழ் கேட்டாலே உங்கள் முகம் சுளிக்கும். அம்மாவின் கடிதத்தை நான் வாய்விட்டு வாசித்தால் ரேடியோச் சத்தத்தைக் கூட்டி வைப்பீர்கள். இப்போது கூட்டி வைக்க உங்களிடம் ரேடியோ இல்லை. அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். மெல்பேர்னில் இருக்கிற கொஞ்சத் தமிழ்க் குடும்பங்களுக்கு நாங்கள் தட்டச்சு அடித்து அனுப்புகிற சஞ்சிகையில் இது வரும். எல்லோரும் வாசிக்கட்டும். பத்து வருடம் நீங்கள் என்னை மறைத்து வைத்தீர்கள். நான் உங்களைப் பத்துப் பேர் பார்க்க வைத்துக் கேட்கிறேன்.

வாசிக்கிறவர்களுக்கு நீங்கள் யாரென்று சொல்லிவிடுகிறேன். ஐம்பத்தாறாம் ஆண்டுக் கலகத்தில், பதினான்கு வயது மகன் லாஸ்லோவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஹங்கேரி எல்லையைக் கால்நடையாகக் கடந்து மெல்பேர்ன் வந்தவர். பிஸ்கட் தொழிற்சாலையில் நின்று நின்றே காலில் நரம்பு புடைத்தவர். அந்த மகனை அறுபத்தேழில் கட்டியவள் நான், சுன்னாகத்திலிருந்து இங்கே படிக்க வந்த தவமணி. உங்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை. எனக்கும் உங்களைப் பிடிக்கவில்லை. இருந்தாலும் போன வருடம் நீங்கள் கண்ணை மூடும்வரை ஒரே அடுப்பில்தான் சமைத்தோம்.

அந்தப் பத்து வருடத்தில் நீங்கள் ஒரு தடவைகூட என் பெயரைச் சொல்லவில்லை. என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் அகப்பையால் சட்டி விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுவீர்கள். அம்மாவின் நாக்குக்கு உன் பெயர் வராது என்பார் லாஸ்லோ. நானும் அதைத் தவறாக எடுக்கவில்லை. அதுதான் என் முட்டாள்தனம். என் அம்மா அப்பாவின் பெயரை வாயால் சொன்னதே இல்லை. "இஞ்சரப்பா" என்பார். தபால்காரன் வந்து பெயர் கேட்டால்கூட என்னைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்வார். பெயரைச் சொல்லாமல் இருப்பது மதிப்பு என்று பார்த்து வளர்ந்தவள் நான். இந்த மனிசி என்னதான் முணுமுணுத்தாலும் உள்ளுக்குள் ஒரு மரியாதை வைத்திருக்கிறது என்று உங்களுக்காக நானே எனக்குச் சமாதானம் சொன்னேன். சிரிப்பு வருகிறதா?

பெயர் நாள் விஷயமும் அப்படித்தான். உங்கள் நாட்டில் காலண்டரில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பெயர் அச்சடித்திருக்கும். அந்தப் பெயர்க்காரருக்கு அன்றைக்கு வாழ்த்து, பூ, கேக். லாஸ்லோவுக்கும் உங்களுக்கும் ஜூனில். எங்கள் மகள் ஈவாவுக்கு டிசம்பரில், நத்தாருக்கு முதல் நாள். முட்டையை நீங்களே அடித்து, வால்நட்டை நீங்களே இடித்து, யாரையும் கிட்ட விடாமல் கேக் செய்வீர்கள். எனக்கு மட்டும் நாள் இல்லை. காலண்டரில் தவமணி இல்லை, கிழவி என்ன செய்யும் என்று அதையும் விட்டுவிட்டேன்.

ஆனால் ஆகஸ்டில் ஒரு நாள், யாருடைய பெயர் நாளும் இல்லாத நாளில், ஒரு வால்நட் கேக் வரும். காரணம் சொல்லமாட்டீர்கள். முதல் துண்டை என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவீர்கள். வருடா வருடம். நானும் சாப்பிட்டேன்.

இனி இந்த வருட ஆகஸ்டுக்கு வருகிறேன்.

லாஸ்லோ இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு ஊருக்குப் போகவேண்டும் என்றார். உங்கள் தங்கை எர்ஷியைப் பார்க்கவேண்டும், ஈவாவுக்கு அப்பாவின் மண்ணைக் காட்டவேண்டும் என்றார். மூன்று பேரும் வியன்னாவில் இறங்கி ரயிலேறினோம். எல்லையில் சிப்பாய்கள் ஆசனத்தைத் தூக்கிப் பார்த்தார்கள், கூரைப் பலகையைத் தட்டிப் பார்த்தார்கள். உங்கள் மகன் வெள்ளைத் தாளாகிப் போனார். அவர்கள் இறங்கிய பிறகு ஜன்னலோரம் நின்று, கடந்து போகிற ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் உரக்க வாசித்தார். முப்பத்தாறு வயது மனிதர். முதலாம் வகுப்புப் பிள்ளை புத்தகம் வாசிக்கிற அதே சத்தம். எனக்குக் கண் கலங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு அதற்காக வருந்தினேன்.

டிக்கெட் பரிசோதகரோடு பேச்சுக் கொடுத்தார். அந்த மனிதர் மீசைக்குள் சிரித்தார். உங்கள் மகனின் ஹங்கேரி மொழி பதினான்கு வயதில் அப்படியே நின்றுவிட்டது, மாமி. ஆற்றில் குதிக்க, பழம் களவெடுக்க, வாத்தியாரிடம் அடி வாங்க எல்லாவற்றுக்கும் அவரிடம் சொல் இருந்தது. வீடு வாங்கியதைச் சொல்ல, வேலையைச் சொல்ல இங்கிலிஷ்தான் வந்தது. "இவ என்ர மனிசி" என்று சொல்லவேண்டிய இடத்திலும் ஒரு நிமிடம் திணறினார். சொல் வரவில்லை என்று நினைத்தேன்.

உங்கள் ஊர் ஸ்டேஷனில் எர்ஷி நின்றார். உங்களுடைய அதே மூக்கு, அதே நடை. கையில் சிவப்புப் பூங்கொத்து. லாஸ்லோவைக் கட்டிப்பிடித்து அழுதார். ஈவாவின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தார். பிறகு பூங்கொத்தை நீட்டிக்கொண்டு எனக்குப் பின்னால் ரயில் கதவைப் பார்த்தார்.

"இலோனா எங்க?"

நானும் திரும்பிப் பார்த்தேன், மாமி. யாரோ இலோனா எங்களோடு வந்திருக்கிறாள் போலும் என்று உண்மையாகவே திரும்பிப் பார்த்தேன்.

லாஸ்லோ காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எர்ஷியின் கண் மெல்ல இறங்கி என் மணிக்கட்டில் வந்து நின்றது. நான் கழற்றாத இரண்டு காப்புகள். அவற்றைத் தொட்டார்.

"இந்தக் காப்பு எனக்குத் தெரியும்," என்றார். "படத்தில பாத்திருக்கிறன்."

ஈவா என் சட்டையை இழுத்தாள். "மம், ஹூ இஸ் இலோனா?"

எட்டு வயதுப் பிள்ளை கேட்ட அந்தக் கேள்விக்குப் பதில் உங்களிடம்தான் இருந்தது. நீங்களோ மெல்பேர்ன் மண்ணுக்குள் நிம்மதியாகப் படுத்திருந்தீர்கள்.

வீட்டில் அக்கம்பக்கத்தார் பத்துப் பன்னிரண்டு பேர் மேசையைச் சுற்றி இருந்தார்கள். நடுவில் கேக். மேலே வெள்ளைச் சீனியால் 'இலோனா' என்று எழுதியிருந்தது. அன்றைக்கு இலோனாவின் பெயர் நாளாம். நாங்கள் தெரிந்தே அந்த நாளில் வருகிறோம் என்று எர்ஷி சந்தோஷப்பட்டிருக்கிறார். நான் கதிரையில் இருந்தபோது ஒவ்வொரு முகமும் என்னைப் பார்ப்பதும், கேக்கைப் பார்ப்பதும், தட்டைப் பார்ப்பதுமாக இருந்தது. ஒரு கிழவர் மரியாதையாக எழும்பி என் கையை முத்தமிட்டு "இலோனா அம்மா" என்றார். உங்கள் மகன் சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

கத்தியை என்னிடம் நீட்டினார்கள். நான் வாங்கவில்லை.

"சூப்பில உப்புக் கூடிப்போச்சு. ஆர் போட்டது?" என்றேன், ஹங்கேரி மொழியில்.

எல்லோரும் கரண்டியைக் கீழே வைத்தார்கள். கேட்டால் எனக்கு விளங்கும், பேச வருகிற ஹங்கேரி மொழி அவ்வளவுதான். நீங்கள் எனக்குச் சொல்லித் தந்தீர்களா? இல்லை. குசினியில் என் முதுகுக்குப் பின்னால் நீங்கள் முணுமுணுத்ததை எல்லாம் ஒரு சொல் விடாமல் காதில் போட்டுக்கொண்டேன். கதவைச் சாத்து. மூடியைப் போட்டு உடைக்காதே. திரும்பவும் அந்தச் சோற்று மணம். உப்பு, உப்பு, உப்பு. வணக்கம் சொல்லத் தெரியாது, குறை சொல்ல நன்றாகத் தெரியும். அதுவும் உங்கள் ஊர்ப் பேச்சிலேயே, உங்கள் இழுப்போடு.

எர்ஷி நெஞ்சில் கைவைத்துவிட்டார். "மார்கிட் கதைக்கிற மாதிரியே கிடக்கு," என்றார். "அப்பிடியே அக்காதான்."

பாருங்கள். பெற்ற மகனுக்கு வராத உங்கள் குரல், நீங்கள் வேண்டாம் என்றவளின் வாயில் இருந்தது. இதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்?

அடுத்த நாள் காலையில் எர்ஷி ஒரு தகரப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். பத்து வருடக் கடிதங்கள். அவர் உரக்க வாசிக்க வாசிக்க நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இலோனா நல்ல குடும்பத்துப் பெண். அவளுடைய தாய் தகப்பனும் எங்களைப் போல ஐம்பத்தாறில் வந்தவர்கள். இலோனா நன்றாகச் சமைக்கிறாள், கோவா இலைக்குள் இறைச்சி வைத்துச் சுருட்டுவதில் என்னையே மிஞ்சிவிட்டாள். இலோனாவுக்குப் பிள்ளை பிறந்தது. இலோனாவின் பெயர் நாளுக்கு நேற்று வால்நட் கேக் செய்து கொடுத்தேன், விரும்பிச் சாப்பிட்டாள்.

விரும்பிச் சாப்பிட்டாளாம். அந்த ஒரு வரி மட்டும் உண்மை.

படமும் இருந்தது. ஈவாவுக்கு ஆறு மாதத்தில் எடுத்த படம், நான் மடியில் வைத்திருந்தது. என்னைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்திருக்கிறீர்கள். பிள்ளையின் இடுப்பைப் பிடித்திருந்த கையை மட்டும் வெட்ட முடியவில்லை, வெட்டினால் பிள்ளையும் போய்விடும். மணிக்கட்டோடு நிறுத்திவிட்டீர்கள். "அந்தக் கை ஏன் இவ்வளவு கறுப்பு எண்டு கேட்டு எழுதினன், நிழல் எண்டு அக்கா பதில் போட்டா," என்றார் எர்ஷி. சொல்லும்போது அவருக்கு வெட்கமாக இருந்தது.

அதைக்கூடத் தாங்கியிருப்பேன். ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் லாஸ்லோவின் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. 'நானும் இலோனாவும் கையை முத்தமிடுகிறோம்.' பத்து வருடமாக.

கடைசிக் கடிதம் ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் எழுதியது. 'என் கல்லறைக் கல்லில் என்ன வெட்டவேண்டும் என்று ஒரு தாளில் எழுதி மகனிடம் கொடுத்திருக்கிறேன், நினைவில் வைத்திருப்போர் மகன் லாஸ்லோ, மருமகள் இலோனா, பேத்தி ஈவா என்று போடச் சொல்லியிருக்கிறேன்' என்று எழுதியிருந்தீர்கள்.

உங்களுக்கு ஏன் இன்னும் கல் வைக்கவில்லை என்று ஒரு வருடமாக நான்தான் லாஸ்லோவை நச்சரித்தவள். மழைக்குப் பிறகு பார்ப்போம், வெயிலுக்குப் பிறகு பார்ப்போம் என்று தள்ளிக்கொண்டே போனார். ஏனென்று அன்றைக்குத்தான் விளங்கியது. கல் வைத்தால் நான் வாசிப்பேன்.

முற்றத்தில் பிளம் மரத்தடியில் அவரைப் பிடித்தேன். நாங்கள் இங்கிலிஷில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"அந்தத் தாள் எங்க?" என்றேன்.

மணிபேர்ஸைத் திறந்து எடுத்துத் தந்தார். நாலாக மடித்து, மடிப்பெல்லாம் கிழிந்து போயிருந்தது.

"அம்மா செத்தாப் பிறகு எல்லாம் தன்பாட்டில முடிஞ்சிடும் எண்டு நினைச்சன்," என்றார்.

"கல்லில வெட்டினாப் பிறகு எது முடியும்?"

அவர் பிளம் மரத்துப் பட்டையை நகத்தால் உரித்தார்.

"பிறகு ஏன் என்னை இஞ்ச கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

"என்னால வாயால சொல்லேலாது, தவம். உன்னைப் பாத்தாச் சித்திக்குத் தானா விளங்கும் எண்டு நினைச்சன்."

கேட்டீர்களா உங்கள் மகனின் வீரத்தை? எல்லையைத் தாண்டி வந்தவர், ஒரு பெயரைச் சொல்லப் பயந்து, என் தோலைக் கொண்டுவந்து ஸ்டேஷனில் நிறுத்தியிருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என் பெட்டியை எடுத்துக்கொண்டு பிள்ளையோடு வியன்னாவுக்கு ரயிலேறுகிறேன் என்றேன். வெறும் பேச்சில்லை, பெட்டியைக் கட்டியும்விட்டேன். அதே ஆட்களைக் கூப்பிட்டு, அதே மேசையில், அவர்களுடைய மொழியில் என் பெயரைச் சொன்னால் மட்டும் இருப்பேன் என்றேன். மொழியைத் தேடித்தானே வந்தார். அந்த மொழியில் முதல் வேலையாக இதைச் சொல்லட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் வந்தார்கள். லாஸ்லோ கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார். பந்தால் அடித்து ஜன்னல் கண்ணாடியை உடைத்த பெடியன் தலைமை வாத்தியாருக்கு முன்னால் நிற்பதுபோல நின்றார்.

"இவ என்ர மனிசி. இவவின்ர பேர் தவமணி. இவ இலோனா இல்லை, எங்களிட்ட இலோனா எண்டு ஒருத்தரும் இல்லை. அம்மா பொய் எழுதினவ. நானும் கீழ கையெழுத்து வைச்சனான்."

எர்ஷி குளிர் அறைக்குப் போய், நான் வெட்ட மறுத்த கேக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். கத்தியின் முதுகால் 'இலோனா'வைச் சுரண்டி எடுத்துத் தட்டோரத்தில் தட்டினார். பிறகு கத்தியை என் கையில் வைத்து, "தவமணி, நீ வெட்டு," என்றார். ஒரு தடவையில் சொன்னார், மாமி. ஒரு எழுத்துப் பிசகவில்லை. உங்கள் நாக்குக்கு என் பெயர் வராது என்று பத்து வருடம் எனக்குச் சொல்லியிருந்தாரே உங்கள் மகன், உங்கள் தங்கைக்கும் அதே நாக்குத்தானே?

"நா, யோல் வன்," என்றேன், சரி, ஆகட்டும் என்று. ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் நீங்கள் ஏப்பனில் கையைத் துடைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டுச் சொல்வது. அது என் வாயில் தானாக வந்தது. எர்ஷி அழத் தொடங்கிவிட்டார். நான் கேக்கை வெட்டினேன். நீங்கள் செய்கிற அளவுக்கு நன்றாக இல்லை என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

இப்போது ஒரு கேள்வி. அந்த ஆகஸ்ட் கேக்கை எதற்காகச் செய்தீர்கள்? தங்கைக்கு எழுதுகிற பொய்யில் ஒரு வரியாவது உண்மையாக இருக்கட்டும் என்றா? அல்லது உங்களுக்கு வேறு வழி தெரியாமல், இருக்கிற ஒரு பெயரை எனக்குக் கொடுத்து, அந்த நாளில் எனக்கும் ஒரு கேக் இருக்கட்டும் என்றா? முதல் துண்டை ஏன் எனக்கு வைத்தீர்கள்? திரும்பி வருகிற விமானப் பயணம் முழுக்க இதைத்தான் யோசித்தேன். இரண்டாவது பதில்தான் உண்மையென்றால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்தச் சஞ்சிகையைச் சுன்னாகத்தில் அம்மாவும் வாசிப்பார், அதனால் இது எனக்குச் சுலபம் இல்லை. நானும் பத்து வருடம் அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். மாமி என்னை மகள் மாதிரி வைத்திருக்கிறா என்று எழுதினேன். எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துத் தருவா, தமிழ் கேட்கப் பிரியம், பருப்புக்கறி என்றால் உயிர் என்று எழுதினேன். நான் பிரசவித்துக் கிடந்தபோது தலைமாட்டில் விடிய விடிய இருந்தா என்றும் எழுதினேன். நீங்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் வந்தது ஐந்தாம் நாள். அம்மா, மன்னித்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரனைக் கட்டிக்கொண்டு கடல் கடந்து கிடக்கிற மகள் அங்கே ஒருவருக்கும் வேண்டாதவளாக இருக்கிறாள் என்று எழுதக் கை வரவில்லை.

ஆக, நீங்கள் ஒரு மருமகளை உண்டாக்கினீர்கள், நான் ஒரு மாமியாரை உண்டாக்கினேன். ஒரே குசினியில், ஆளுக்கொரு மூலையில் இருந்து நாங்கள் இரண்டு பேரும் நீலக் கடிதத் தாளில் எழுதினோம். இதை நினைத்தால் உங்களோடு சேர்ந்து சிரிக்கலாம் போலவும் இருக்கிறது. ஆனால் சிரிக்கமாட்டேன். ஏனென்றால், நான் எவ்வளவு பொய் எழுதினாலும் உங்கள் பெயரை மாற்றவில்லை. மார்கிட் என்றுதான் எழுதினேன். ஹங்கேரிக்காரி என்றுதான் எழுதினேன். கடிதத்தோடு அனுப்பிய படத்தில் உங்களை முழுதாக, அந்தச் சிடுமூஞ்சியோடு, நடுவில்தான் வைத்து அனுப்பினேன்.

போன கிழமை உங்களுக்குக் கல் வைத்தாயிற்று. கறுப்புக் கல், மேலே நீங்கள் கேட்ட மாதிரியே சிலுவை. தாளை லாஸ்லோ புதிதாக எழுதினார், தன் கையால், உங்கள் மொழியில். கல் வெட்டுகிறவர் இத்தாலிக்காரர். என் பெயரை ஒரு தடவை என்னிடம் சொல்லிப் பார்த்தார், ஒரு தடவை பென்சிலால் எழுதிக் காட்டினார், அவ்வளவுதான். லாஸ்லோ, தவமணி, ஈவா. நடுவில் நான். லாஸ்லோவோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை. ஆனால் ஈவாவுக்குத் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவர் ஹங்கேரி மொழி சொல்லிக் கொடுக்கிறார். பிழை விட்டால் குசினியில் இருந்து நான்தான் திருத்துகிறேன்.

வருகிற ஜூனில், உங்கள் பெயர் நாளுக்கு, வருவேன். மெழுகுவர்த்தியும் பூவும் கொண்டுவருவேன், வால்நட்டை நானே இடித்துக் கேக்கும் செய்துகொண்டு வருவேன், முதல் துண்டு உங்களுக்குத்தான். மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைக்கவேண்டாம். கல்லில் உள்ள மூன்று பெயரையும் உங்கள் பேத்தியை உரக்க வாசிக்கச் சொல்வேன். அதற்கடுத்த வருடமும் சொல்வேன், நான் நடக்கிற காலம்வரை சொல்வேன். நடுப்பெயர் வரும்போது அங்கே ரேடியோ இருக்காது, மாமி. கேட்டுக்கொண்டு படுத்திருங்கள்.

உங்கள் ஒரே மருமகள்,
தவமணி